சுறா பிடிக்கத் தடையா? ராமநாதபுரம் கடலோரத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விக்கு ஒரு விளக்கம்

மன்னார் வளைகுடாக் கரையில் பெரிய சுறா ஒன்று செத்து ஒதுங்கினாலும் சரி, எங்காவது சுறா பீலி (காயவைத்த துடுப்பு) மூட்டை பிடிபட்டாலும் சரி, மறுநாள் காலை மீன் சந்தையில் ஒரே கேள்விதான் ஓடும்: "அப்போ இந்தப் பால் சுறாவை விற்கலாமா, கூடாதா?" ஒருவர் எல்லாச் சுறாவுக்கும் தடை என்பார். இன்னொருவர் தடையெல்லாம் ஏற்றுமதிக்குத்தான் என்பார். செய்தியிலோ 'அரிய வகைச் சுறா' என்ற இரண்டு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சந்தையில் 'சுறா' ஒரே சொல். சட்டத்திலும் உயிரியலிலும் அது நூற்றுக்கணக்கான இனங்கள். எந்தச் சுறா என்று கேட்காமல் தடையா இல்லையா என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அதனால் மீனிலிருந்தே தொடங்குவோம்.

எது சுறா, எது சுறா இல்லை

சுறாவின் உடம்பில் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. மற்ற மீன்களுக்குச் செவுளை மூடி ஒரு தகடு இருக்கும். சுறாவுக்கு அது இல்லை, தலைக்குப் பின்னால் பக்கவாட்டில் ஐந்து பிளவுகள் தெரியும் (சில இனங்களில் ஆறு அல்லது ஏழு). மிதப்பதற்குக் காற்றுப்பையும் இல்லை, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் அந்த வேலையில் பாதியைச் செய்கிறது. தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழவென்று இருக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். பல்லைப் போன்ற நுண்ணிய செதில்கள் வரிசையாகப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் காரணம். சுறாப் புட்டு செய்கிறவர்கள் வெந்நீரில் போட்டுச் சுரண்டி எடுப்பது இதைத்தான்.

சமையலறைக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் அந்த நெடி. உப்புக் கடலில் உடம்பின் நீரைக் காத்துக்கொள்ள, சுறா தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. மீன் செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றத் தொடங்கும். ஐஸ் போடாத சுறா மூக்கைத் துளைப்பதும், சுறாக் கருவாட்டுக்குத் தனி வாசம் இருப்பதும் இதனால்தான்.

திருக்கை, உழுவை, வேளா மூன்றும் சுறாவுக்குப் பங்காளிகள். உழுவையை மேலிருந்து பார்த்தால் சுறா என்றே தோன்றும். சுறா மாதிரி முதுகுத் துடுப்பு, சுறா மாதிரி வால். கையால் புரட்டிப் போட்டால் குட்டு வெளிப்படும்: செவுள் பிளவுகள் அடிப்பக்கத்தில், வாய்க்குக் கீழே இருக்கும். பிளவு பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடியில் இருந்தால் திருக்கைக் கூட்டம். மூக்கில் வாள் நீண்ட வேளாவும் இந்தக் கணக்கில் திருக்கைப் பக்கம்தான். சட்டப் பட்டியலில் சுறாவும் திருக்கையும் ஒரே பகுதியில் வருவதால் இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

'திமிங்கலச் சுறா ஒதுங்கியது' என்பதைத் 'திமிங்கலம் ஒதுங்கியது' என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. வாலைப் பார்த்தால் போதும். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருக்கும். ஒன்று மீன், மற்றது குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு. அம்பர்கிரீஸ் எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள். அதற்கும் திமிங்கலச் சுறாவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

தீவுகளைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். மண்டபம் குழுவில் சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, மனோலிபுட்டி, முசல். கீழக்கரைக் குழுவில் முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். மீதி ஏழும் வேம்பார், தூத்துக்குடிக் குழுக்களைச் சேர்ந்தவை. பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலுமாக 560 சதுர கிலோமீட்டர், 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆனது. அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

சுறாவுக்கு இந்த இடம் ஏன் முக்கியம்? தீவைச் சுற்றிப் பவளப் பார், பாருக்கும் கரைக்கும் நடுவே கடல்புல், முழங்கால் ஆழத்துத் தண்ணீர். பெரிய சுறா நுழைய முடியாத இந்த ஆழத்தில்தான் சில சுறாக்களின் குட்டிகள் முதல் மாதங்களைக் கழிக்கின்றன. துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்த மாதிரிக் கறுப்பு இருக்கும் கருந்துடுப்புப் பார் சுறா அப்படிப்பட்டது. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். வளர்ந்த பிறகும் பாரை விட்டு வெகு தூரம் போகாது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தபோது, இந்த மீனின் வீடும் சேர்ந்துதான் அடிபட்டது.

பாரின் பொந்துகளிலும் மணலிலும் படுத்துக் கிடப்பவை மூங்கில் சுறாக்கள். ஒரு மீட்டருக்கும் குறைவான, மெலிந்த, சாதுவான மீன்கள். இவை முட்டையிடும். தோல்பை போன்ற உறைக்குள் ஒரு கரு. வரிச் சுறாவும் முட்டையிடுவதுதான். குட்டியில் வரிக்குதிரை போல வரியும், வளர்ந்தபின் சிறுத்தை போலப் புள்ளியுமாக இருப்பதால் ஒரே மீனை இரண்டு மீன் என்று நினைப்பவர்கள் உண்டு.

சந்தையில் அதிகம் புழங்குவது பால் சுறா. முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இருக்கும் சாம்பல் நிற மீன். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று இதைத் தேடி வாங்குவது இங்கே தலைமுறை வழக்கம். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பூண்டோடு வதக்கிய புட்டைச் சாப்பிடாத தாய் இந்தக் கரையில் குறைவு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன் என்பதால் சுறாவின் சதையில் பாதரசம் சேரும். மீன் பெரிதாக, வயது கூடக் கூட அதுவும் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. அதனால் பால் சுறா என்ற பெயரில் பெரிய சுறாத் துண்டை வாங்கித் தாய்க்குக் கொடுப்பது சரியில்லை.

வெளிக்கடலில் கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா), புலிச் சுறா. இரண்டையும் விடப் பெரியது திமிங்கலச் சுறா. பதினெட்டு மீட்டர் வரை வளரும் என்று பதிவு உண்டு, உலகில் இருக்கும் மீன்களிலேயே பெரியது. வாயைத் திறந்துகொண்டு நீந்தி, மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்னும். மனிதரை ஒன்றும் செய்யாது.

மற்றவை ஆளைக் கடிக்குமா என்ற பயம் இந்தக் கடலில் புதிதல்ல. முத்துக் குளிக்கும் காலத்தில், மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்று ஓர் ஆளைக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இன்றைய நிலையில் மனிதரால் சுறாவுக்கு வரும் ஆபத்துதான் பல மடங்கு பெரியது.

குட்டிக் கணக்கு

சுறா விஷயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒரு சாளை ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டை இடும். அதில் ஒரு சதவீதம் தேறினாலே கூட்டம் நிரம்பிவிடும். பால் சுறா அப்படியில்லை. தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடியோடு சுமார் ஓராண்டு வளர்ந்து, ஒரு பிரசவத்தில் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டி. கருந்துடுப்புச் சுறாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். கொம்பனுக்கு ஒரு டஜனிலிருந்து நாற்பது வரை இருக்கலாம், ஆனால் அது குட்டி போடும் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும்.

சாளை, மீன்வளத்தில் வட்டி மாதிரி. ஆண்டுதோறும் எடுத்தாலும் திரும்ப வரும். சுறா முதல் மாதிரி. எடுத்த அளவுக்குக் குறைந்துகொண்டே போகும். 1970 முதல் 2018 வரை உலகின் திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்தது என்று 2021-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. முட்டையிட்டுப் பெருகும் மீன்களுக்கு அது பெரிய உதவி. ஓராண்டு கர்ப்பம் சுமக்கும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு எந்த மூலைக்கு?

இதற்கு ஒரு சாட்சி வேளா. ஒரு காலத்தில் இந்தக் கரையில் தாராளமாகக் கிடைத்த மீன் அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கொம்பு என்று நட்டு வைக்கும் அளவுக்கு உறுப்பு இருப்பது வேளாவுக்குத்தான். அந்த வாளே அதற்கு எமன் ஆனது. எந்த வலை பட்டாலும் பற்கள் சிக்கிக்கொள்ளும், பிரித்து விடவும் முடியாது. இன்று ஒரு வேளா கரைக்கு வந்தால் அதுவே செய்தி.

இப்போது சட்டம்

'எல்லாச் சுறாவுக்கும் தடை' என்ற பேச்சு வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2001 மே மாதம் திமிங்கலச் சுறா, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் மொத்தத்தையும் சேர்த்து ஓர் அறிவிப்பு வந்தது. கடலோர மக்களின் எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் அது பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. ஐந்து மாதம் மட்டும் இருந்த அந்த முழுத் தடைதான் இருபது ஆண்டு கடந்தும் வாய்வழியாக உலவுகிறது. அடுத்து, 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டன, சுறா, திருக்கைப் பெயர்கள் கூடின. அது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆக, பழைய பத்துப் பெயர் மட்டும்தான் என்று நம்பி இருப்பதும் இப்போது தவறு.

ஒரு சுறா கரைக்கு வரும்போது இந்த ஐந்து கேள்விகளையும் வரிசையாகக் கேட்க வேண்டும்.

1. என்ன இனம்? திமிங்கலச் சுறாவும் வேளாவும் முதல் அட்டவணை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். தண்டனை மூன்றிலிருந்து ஏழாண்டு சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அட்டவணையில் இல்லாத சுறாவைப் பிடிப்பதற்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை.

2. எங்கே பிடித்தது? தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் இனம் எதுவானாலும் பிரச்சினைதான். அங்கே மீன் பிடிக்கவே அனுமதி இல்லை.

3. எந்தப் படகு? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. தீவுக் கடலில் திரியும் குட்டிச் சுறாக்களுக்கு, இந்த ஒரு விதி ஒழுங்காக நடந்தாலே பாதி நிம்மதி.

4. முழு மீனா, பீலி மட்டுமா? சுறாவின் துடுப்பை வெட்டிக் காயவைத்ததுதான் பீலி. கிழக்காசிய நாடுகளில் சூப்புக்குப் போகும். சதைக்குக் கிடைக்கும் விலைக்கும் பீலி விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதனால் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடுமை உலகம் முழுக்கப் பரவியது. இதைத் தடுக்க, துடுப்பு உடலோடு ஒட்டியபடியே சுறா கரைக்கு வரவேண்டும் என்று 2013 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொள்கை வகுத்தது.

5. எங்கே போகிறது? 2015 பிப்ரவரி முதல் எந்த இனத்துச் சுறாவின் பீலியையும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கூடாது. கடல் வழியாகப் போகும் பீலி மூட்டை எந்த மீனுடையதாக இருந்தாலும் கடத்தல்தான்.

இதோடு 'சைட்டிஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தமும் செய்திகளில் அடிபடும். 2022-ல் பனாமாவில் நடந்த அதன் மாநாட்டில், பால் சுறா, கருந்துடுப்புச் சுறா எல்லாம் அடங்கும் குடும்பம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 'பால் சுறாவுக்கும் தடை வந்துவிட்டது' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியது. அந்தப் பட்டியலின் பொருள் வேறு. நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கு, அந்த இனத்தின் இருப்புக்குக் கேடு இல்லை என்று உறுதிசெய்து அனுமதி பெற வேண்டும். பாம்பனில் இறங்கி ராமநாதபுரத்தில் குழம்பாகும் மீனை அது தொடவில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது

தாளில் இதெல்லாம் தெளிவு. ஏலம் விடும் இடத்தில் நின்று பார்த்தால் நிலைமை வேறு. திருக்கை வலையில் விழுந்ததும் இழுவலையில் வந்ததும் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். அரை மீட்டர் நீளத்தில் இருபது சுறா. பத்தொன்பது பால் சுறா. இருபதாவதின் தலை மட்டும் இரு பக்கமும் விரிந்து, நடுவில் ஒரு சிறு பள்ளத்தோடு இருக்கிறது. பிறந்து சில நாளோ வாரமோ ஆன கொம்பன் குட்டி. ஐயுசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட மீன். அது யாரும் தேடிப் பிடித்ததல்ல, வலைக்குத் தலை தெரியாது. தாய் குட்டி போட ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தது, வலையும் அங்கே இருந்தது. தலையை வெட்டிவிட்டால் அதுவும் 'பால் சுறா' என்றே விலைபோகும்.

உழுவையில் குழப்பம் சட்டத்திலேயே இருந்தது. 2001 பட்டியலில் இருந்த உழுவையின் அறிவியல் பெயர், மேற்கு இந்தியப் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரையோரம் வாழும் இனத்துடையது. நம் கடலில் கிடைப்பவை அதன் உறவுகள். பெயர் பொருந்தாத பட்டியலை வைத்துக்கொண்டு, அதிகாரி எதைப் பிடிப்பார், மீனவர் எதை விடுவார்?

என் பார்வையில், இனம் கண்டுபிடிக்கும் பாரத்தை முழுக்கப் படகில் இருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒவ்வொரு இறங்குதளத்திலும், இந்தக் கரையில் வழங்கும் தமிழ்ப் பெயரோடு, பெரிய வண்ணப் படங்கள் வைக்க வேண்டும். குட்டிப் பருவத்துப் படமும் கட்டாயம் வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போகும் வரை பல ஆண்டுகள் மண்டபத்திலிருந்துதான் இயங்கியது. இன்றும் அதன் மையம் இங்கே இருக்கிறது. அறிவு பக்கத்திலேயே இருக்கும்போது அது ஏலக்கூடச் சுவர் வரை வந்து சேராதது பெரிய குறை.

இழப்பீடு அடுத்தது. குஜராத் கரையில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் சதைக்காகவும் வேட்டையாடினார்கள். 2004-ல் அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. வலையை அறுத்து மீனை விடுவிக்கும் மீனவருக்கு அறுந்த வலைக்குப் பணம் தரும் ஏற்பாடும் வந்தது. வேட்டையாடிய அதே ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்தார்கள். கடன் வாங்கிப் போட்ட வலையை அறுக்கச் சொல்லும்போது, அந்த வலைக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வலையில் திமிங்கலச் சுறா சிக்கினால்

1. உயிரோடு இருந்தால் கரைக்கு இழுக்க வேண்டாம். தண்ணீரில் இருக்கும்போது அதன் எடை தெரியாது. மணலில் ஏறிவிட்டால் தன் உடம்பின் பாரமே அதன் உள்ளுறுப்புகளை நசுக்கும்.

2. வாலில் கயிறு கட்டிப் பின்பக்கமாக இழுத்துப் போகக் கூடாது. சுறா முன்னோக்கி நகரும்போதுதான் வாய்வழியாகச் செவுளுக்குத் தண்ணீர் பாயும். பின்னோக்கி இழுத்தால் மூச்சு முட்டும்.

3. வாலுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம். மீன் சாதுதான், ஆனால் ஒரு வீச்சு பட்டால் எலும்பு முறியும். பக்கவாட்டிலிருந்து வலையை அறுப்பதே நல்லது.

4. முடிந்தால் அறுப்பதைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் சிக்கியது, வேண்டுமென்றே விடுவித்தோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி, வலை நட்டத்துக்கு மனு கொடுக்கவும் உதவும்.

5. செத்த நிலையில் கிடைத்தால் துடுப்பு உட்பட எதையும் வெட்டாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஒரு துண்டு பீலி வீட்டில் இருந்தாலும் வழக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.